காப்புக் கயிறும் கல்லீரல் மாத்திரையும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம், என் கண்கள் மஞ்சளாகிவிட்டன. நான் செஞ்சி கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவள். கீழாநெல்லி அரைத்துக் குடித்தேன். உப்பை விட்டேன். அவலூர்பேட்டைக்குப் போய் மந்திரித்துக்கொண்டேன். எதுவும் கேட்கவில்லை. கல்லீரல் கோளாறு என்றதும் நாத்தனார், "இன்னா அண்ணி, எங்களுக்குத் தெரியாம குடிக்கிறியா?" என்று கேலி செய்தாள். மோரைத் தாண்டி எதையும் குடித்தறியாதவள் நான்!

புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில்தான் கண்டுபிடித்தார்கள். என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் கல்லீரலைத் தாக்குகிறதாம். தினமும் மாத்திரை கொடுத்தார்கள். ஆடிக்குள் கண் வெளுத்துவிட்டது. அப்போதுதான் என் புத்தி கெட்டது.

ஆடித் திருவிழாவுக்கு எங்கள் தெரு அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டேன். பத்து நாள் விரதம். தாயே கையில் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். எட்டாம் நாள் வாந்தி, மயக்கம். கண்கள் மறுபடியும் மஞ்சள். திரும்பவும் புதுச்சேரி. ஊசி மருந்துக்குக் கல்லீரல் அடங்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று என் கணவரிடம் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அம்மன் மேலேயே கோபம். 'உனக்கு இன்னா கொற வெச்சேன்?' என்று படுக்கையிலிருந்தே கேட்டேன். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் முகம் நினைவுக்கு வந்ததும் கோபம் போய் அழுகை வந்தது. 'எம்பொண்ணுக்காகவாவது என்னைப் பொழைக்க வை தாயே. எங்க தப்பு பண்ணேன்னு காட்டு' என்று வேண்டினேன்.

மறுநாள் காலை வந்த டாக்டரம்மா என் மணிக்கட்டில் இருந்த காப்பைப் பார்த்தார். மாத்திரை சாப்பிட்டேனா என்று அவர் கேட்க, காப்புக் கட்டியதும் நிறுத்திவிட்டதைச் சொன்னேன்.

"கிருமி வந்தா உடம்புல ஒரு செல் இன்னொரு செல்லுக்குத் தகவல் அனுப்பும்மா. உங்களுக்குக் கிருமி இல்லாமலே அந்தத் தகவல் போயிட்டிருக்குது. அதை நம்பி காவல் செல்லுங்க கல்லீரலை அடிக்குது. மாத்திரைதான் அதை அடக்கி வெச்சிருந்துது. சரி, இந்தக் காப்பை நடுவுல அவுப்பீங்களா?"

"ஐயோ, அவுக்கக் கூடாது டாக்டர்."

"மாத்திரையும் அப்படித்தான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் கேட்டதற்குத் தாய் பதில் சொல்லிவிட்டாள்.

ஊசி போட ஆரம்பித்த மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் தேறுவது தெரிந்தது. மகள் இப்போது எட்டாம் வகுப்பு. அவள் பாவாடையை நானேதான் தைக்கிறேன். தாய்க்குக் கோடி நன்றி.

என்னைப் போல் நோயோடு இருப்பவர்களே, அவளை நம்பி மனம்விட்டு வேண்டுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த ஆடியிலும் காப்புக் கட்டியிருக்கிறேன். அந்தக் கையால்தான் தினமும் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.