செம்மண் படிந்த வேட்டி

ஒரு மனுஷன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க மலையேறுவான், ஏறி முடித்ததும் அதே வழியாக உருண்டு இறங்குவான், ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதிலேயே கழிப்பான் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தலையைக் காட்டு, சூடு இருக்கிறதா பார்ப்போம் என்றிருப்பேன். ஆனால் வேதமுத்து அதைத்தான் செய்தான். எழுபத்தேழில் ஆரம்பித்து எண்பது வரைக்கும் செய்தான்.

கோவில்பட்டி நூல் மில்லில் அவனும் நானும் ஒரே ஷிப்டு. மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். வெளியே வந்த பிறகும் காதுக்குள் மில் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. அவனுக்குக் கடைசிவரை பழகவில்லை.

“சாப்பிடும்போது ஓடுது, ஜெபம் பண்ணும்போது ஓடுது அண்ணாச்சி. தூக்கத்துலயும் ஓடுது. இதை எப்பிடி நிறுத்துததுன்னே தெரியலை” என்பான். அழுதுவிடுவான் போலிருக்கும்.

ஊருக்கு மேற்கே கிடாரி மலை இருக்கிறது. பெரிய மலை என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பக்கத்துச் சமவெளியில் ஒரு மேடு தெரிந்தாலே மலைதான். அதற்கு அந்தப்புறம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், திரும்பும்போது குறுக்குவழி என்று ஆட்டுத்தடத்தில் சைக்கிளை விட்டிருக்கிறான். பெடலை மிதிக்க வேண்டிய வேலையே இல்லை. காற்றும் பின்சக்கரத்து ப்ரீவீல் சத்தமும் மட்டும். கீழே வந்து காலை ஊன்றி நின்றபோதுதான் கவனித்திருக்கிறான், காதுக்குள் மில் நின்றுபோயிருந்தது.

“ராத்திரி படுக்குத வரைக்கும் ஓடல அண்ணாச்சி. ஒரு பல்லி கத்துனது கேட்டுச்சு” என்று மறுநாள் டீக்கடையில் வைத்துச் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறுவதில்லை. கோயிலில் ஆராதனை முடிந்ததும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். சைக்கிளில் எது எது ஆடிச் சத்தம் போட்டதோ அதையெல்லாம் கழற்றி எறிந்தான். மட்கார்டு போனது, செயின் கவர் போனது, கடைசியில் கேரியரும் போனது. எந்தக் கல்லை வலப்பக்கம் விட வேண்டும், எந்த வேரில் உடம்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் என்னிடம் சொல்வான். இன்ன மரத்தடியில் காற்றுக்கு வேறு வாசனை என்பான். நடுவில் ஓரிடத்தில் மான்கள் அவனைப் பார்த்து ஓடாமல் நிற்குமாம். எனக்குப் பாதி எரிச்சல், பாதி பொறாமை.

வீட்டில் கதை வேறாக ஓடியது. எங்கள் ஊர் மண் கறுப்பு. உழுதவன் வேட்டியிலும் கறுப்பு, நடந்தவன் காலிலும் கறுப்பு. வாராவாரம் ஒருவன் வேட்டியில் மலையின் செம்மண்ணோடு வந்தால் அதைத் துவைப்பவள் என்ன நினைப்பாள்? வேதமுத்துவின் மனைவி எஸ்தர்ராணி முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. அடுத்த வீட்டு ஆறுமுகத்தாய் அவளுக்காக நினைத்துக் கொடுத்தாள்.

“ஏட்டி, இது செவக்காட்டு மண்ணுல்லா. அங்கன யாரையோ வச்சிருக்காவ போலுக்கு. கேரியரை எதுக்குக் கழட்டுனாவ? நீ உக்காந்துரக் கூடாதுன்னுதான்.”

கேரியர் விஷயம் எஸ்தரைக் குத்திவிட்டது. கல்யாணமான புதிதில் அந்தக் கேரியரில்தான் அவளைக் கடலைமிட்டாய் வாங்கித்தரக் கூட்டிப்போவான். கேட்டிருக்கிறாள். அவனும் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். உள்ளதைச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

“மேல ஏறிப் போயி சும்மா கீழ இறங்கி வாரதுக்கு ஒருத்தர் போவாவளா அண்ணாச்சி? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லாண்டாமா?” என்று என்னிடம் வந்து கேட்டாள். துணிமணியை டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டாள். திங்கட்கிழமை புதூரிலிருந்து தம்பி வந்து அவளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. போனால் திரும்புகிறவள் இல்லை அவள். அது வேதமுத்துவுக்கும் தெரியும்.

அதே வாரத்தில் காட்டுக் காவலர் வன்னியபெருமாளும் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மான்களுக்கென்று மலையைச் சுற்றிக் கம்பிவேலி வருகிறது, திங்கட்கிழமை பாதையை அடைக்கிறோம், அப்புறம் ஆடும் போகக்கூடாது ஆளும் போகக்கூடாது என்று. ஆக, அவளுக்கு அந்த இறக்கத்தைக் காட்ட அவனுக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு ஞாயிறு. சனிக்கிழமை கேரியரைத் தேடி எடுத்து மாட்டினான். எஸ்தர் ஒரு நிபந்தனையோடு வரச் சம்மதித்தாள்.

“அண்ணாச்சியும் வரட்டும். நாளைக்கு நாலு பேரு கேட்டா சாட்சி வேணும்.”

என் முட்டிவலியை யாரும் கேட்கவில்லை.

கோயிலுக்குக் கட்டிய சேலையோடு அவள் முன்னால் நடந்தாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால். அதற்கும் பின்னால் நான். பாதி மலையில் ஒரு தட்டைப்பாறை வந்தது. சாட்சி இங்கேயே இருப்பான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் வளைவு தாண்டி மேலே போய் மறைந்தார்கள்.

நான் அதுவரை அந்த மலைக்குப் போனதில்லை. கீழே பார்த்தேன். இத்தனை வருஷம் மிதித்த கரிசல் காடு, அங்கிருந்து பார்க்க யாரோ விரித்துப்போட்ட கம்பளி மாதிரி கிடந்தது. மேகத்தின் நிழல் அதன்மேல் அவசரமில்லாமல் ஊர்ந்து போயிற்று. திருநெல்வேலிக்குப் போகிற ரயில் புகையை விட்டுக்கொண்டு போனது, ஆனால் சத்தம் வரவில்லை. மில்லின் புகைபோக்கி எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அதைத் தேடியதே மறந்துபோனது. ஒரு மான் புதருக்குள்ளிருந்து தலையை நீட்டி, நான் யாரென்று பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன், விழித்திருந்தேனா தூங்கினேனா, தெரியாது. காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கும் மில் ஓடவில்லை. அடப்பாவி, மெய்யாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தேன். கண் நனைந்துவிட்டது.

அப்போது மேலே ப்ரீவீல் சத்தம் கேட்டது. வளைவில் அவர்கள் வந்தார்கள். எஸ்தர் ஒருபக்கமாக உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்திருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். அவன் கல்லுக்கும் வேருக்கும் நடுவே தண்ணீர் வழி கண்டுபிடிப்பதைப்போல இறங்கி வந்தான். அவ்வளவு லேசாக ஒரு ஆள் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை.

சரியாக என் எதிரே வரும்போது மழை விழுந்தது. பெரிய பெரிய துளியாக, சடசடவென்று.

வேதமுத்து பிரேக்கைப் பிடித்துக் குதித்தான். அவளை இறக்கிவிட்டு, சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். நானும் எழுந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டினேன். எங்களுக்கு அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கரிசலில் மழை விழுந்தால் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் அதைச் சுமக்க வேண்டும். பத்தடி உருளுவதற்குள் டயரில் சேறு அப்பிச் சக்கரம் நின்றுவிடும். இது பால்குடி மறக்கும்முன் கற்றது. மழைநாளில் அவன் மலைக்கு வந்ததும் கிடையாது. மலைக்கு வருகிற வழி கரிசல்தானே.

சைக்கிளைத் தோளில் வைத்த பிறகுதான் அவனுக்கு என்ன நடந்ததென்று உறைத்தது. இறக்கம் பாதியில் நின்றுபோய்விட்டது. காட்டுவதற்கு இனி நாளும் இல்லை. அப்படியே நின்றான். மழை அவன் முகத்தில் வழிந்தது. அது முழுக்க மழைதான் என்று நான் சொல்ல மாட்டேன்.

“விடு எஸ்தர். நீ போறதுன்னா போ. உனக்குக் காட்ட எனக்குக் குடுத்து வைக்கல” என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள். மறு காலையும் தூக்கிப் பார்த்தாள். குனிந்து கையால் தரையை அழுத்திப் பார்த்தாள். சரளைக்குள் தண்ணீர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

“இங்கேருங்க, இது ஒட்டுத மண்ணு இல்லியே” என்றாள். “எதுக்குத் தூக்கிக்கிட்டு நிக்கீய? இறக்குங்க.”

மூன்று வருஷமாக அவன் வேட்டியில் துவைத்த மண் அது. அதன் குணம் அவளுக்குத்தானே தெரியும். அவன் இறக்கினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மழைக்குள் இரண்டு பேரும் சரிந்து போய் மறைந்தார்கள். கீழேயிருந்து ஒரு கூச்சல் வந்தது. விழுந்துவிட்டார்களோ என்று பதறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

நான் அடிவாரம் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. வேலிக் கம்பங்கள் குவித்திருந்த இடத்தில் வன்னியபெருமாள் குடையோடு நின்றார். எஸ்தரின் கொண்டை அவிழ்ந்து சேலை தொப்பலாகியிருந்தது. வேதமுத்து தீர்ப்புக்குக் காத்திருப்பவன்போல நின்றான்.

“என்ன தாயி, நம்புதியா?” என்று நானே கேட்டேன்.

அவள் அவன் கையிலிருந்து சைக்கிளை வாங்கி மலையைப் பார்த்துத் திருப்பினாள்.

“யம்மா, மேல போகக்கூடாது. பாதையை அடைக்கப் போறோம்” என்றார் வன்னியபெருமாள்.

“நாளைக்குத்தானே அடைக்கீய” என்றாள் அவள். பிறகு புருஷனிடம், “நாளைக்குத் தம்பி வருவான். சோத்தைப் போட்டு அனுப்பிருவோம். நீங்க வாங்க” என்று சொல்லிவிட்டுத் தள்ள ஆரம்பித்தாள்.