எட்டாவது கிண்ணம்

பூவாயிக்குக் காதுதான் பிழைப்பு. விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பனின் பீங்கான் பட்டறையில் சூளையிலிருந்து இறங்குகிற சாமான் எதுவானாலும், கரண்டுப் பெட்டிக்கான பியூஸ் கேரியரோ, அகலோ, கொலுவுக்கான செட்டியார் பொம்மையோ, முதலில் அவள் கைக்குத்தான் வரும். இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையிலிருக்கும் மரக்குச்சியால் ஒரு தட்டு. கணீரென்றால் “நல்லாருக்குது.” சத்தம் மொத்தையாக விழுந்தால் “விரிசல்.” அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது, ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான். விரிசல் என்று சொன்னதை அவளே எடுத்துப் போய்ப் பின்பக்கத்துக் குவியலில் வீசிவிடுவாள். முதலாளி ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. வாயில் பொய் வராத பெண்பிள்ளை என்று பட்டறையில் பேர். ஊரில் இன்னும் சில பேர்கள் உண்டு; வெடுக்குவெடுக்கென்று பேசுகிறவளுக்கு ஊர் சும்மாவா இருக்கும்?

புருசன் போய்ச் சேர்ந்தபோது தமிழினி தொட்டிலில் கிடந்தாள். ஒத்தைப் பிள்ளை. அதை வளர்க்கத்தான் இந்தக் காதும் குச்சியும்.

போன வருசம் ஐப்பசி மழையில் நடவுக்கு ஆள் ஏற்றிப் போன குட்டியானை லோடு வண்டி ஒன்று தரைப்பாலத்தில் ஆற்றுத் தண்ணீரோடு போய்விட்டது. தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று நினைத்து ஓட்டுகிறவன் இறக்கியிருக்கிறான். நடுப்பாலத்தில் தண்ணீர் வண்டியைத் தள்ளிவிட்டது. கருவேலமரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்கள் சிலர். பிழைக்காதவர்கள் எட்டுப் பேர். அதில் ஏழு உடம்பு கிடைத்தது. எட்டாவது தமிழினி. காலேஜ் லீவாயிற்றே, சும்மா வூட்டில் உட்கார்ந்திருப்பானேன் என்று அவளாகத்தான் நடவுக்குக் கிளம்பினாள். தீயணைப்புக்காரர்கள் படகு விட்டுப் பார்த்தார்கள், மீன் பிடிக்கிறவர்கள் வலை போட்டுப் பார்த்தார்கள். துப்பட்டாகூடக் கிடைக்கவில்லை.

கிடைக்காததால் பூவாயி அழவில்லை. சொந்தக்காரர்கள் வந்து, தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணிவிடலாம், அப்படியும் ஒரு முறை இருக்கிறது என்று சொன்னார்கள். விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், என் பொண்ணை என்னிடம் சேர்த்துவிடு என்று எழுதிப் பிராது கட்டிவிட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சாமிதான் கோர்ட்டு. பிராதுக்குச் சொல்கிற தொண்ணூறு நாள் கெடு தாண்டியும் சாமி வாயைத் திறக்கவில்லை. “கேஸு நடக்குது” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

வருசம் திரும்பி வருகிற நேரத்தில் சிவசங்கரி டீச்சர் பட்டறைக்கு வந்தார். ஸ்கூலில் பாட்டு டீச்சர். அந்த வண்டியில் போன அமிர்தத்தின் மகள். அமிர்தம் நாற்று நட்ட கூலியில்தான் மகளைப் பாட்டுப் படிக்கவைத்தது. டீச்சருக்கு ஒரு யோசனை. போன எட்டுப் பேருக்கும் எட்டுப் பீங்கான் கிண்ணம் செய்வது, ஒவ்வொன்றின் அடியிலும் பேர் எழுதிச் சுடுவது, தண்ணீர் ஊற்றி ஜலதரங்கமாக வருசத்தன்று ஆற்றங்கரையில் வாசிப்பது. வயசுப்படி கிண்ணம். மூத்தவருக்குப் பெரியது, இளையவருக்குச் சின்னது.

வண்டியிலிருந்து பிழைத்த ஆராயியும் அன்று பட்டறையில் இருந்தாள். பூவாயிக்குப் பக்கத்து வூடு, களிமண் பிசைகிற வேலை. அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

“தண்ணிதான் டீச்சர் அவங்கள வாரிக்கிட்டுப் போச்சு. அந்தத் தண்ணியவே ஊத்தி வாசிக்கிறதா?”

“அதுக்குத்தான் அக்கா,” என்றார் டீச்சர். “அன்னிக்கு அது நம்ம பேச்ச கேக்கல. ஒரு நாளாச்சும் நாம ஊத்துன அளவுக்கு நிக்கட்டுமே.”

கொளஞ்சியப்பன் காசு கீசு என்று பேசாமல் அன்றைக்கே அச்சு எடுத்தார். பூவாயி மட்டும், “ஏழு போடுங்க, போதும்,” என்று சொல்லிவிட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் எட்டுதான் போட்டார்.

சூளை பிரித்த அன்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். அமிர்தம், நல்லாருக்குது. அடுத்தது, நல்லாருக்குது. ஏழும் தேறின. கடைசியாக உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம் வந்தது. அடியில் நீல மையில் தமிழினி. தட்டினாள். கோயில் மணிபோலக் கணீரென்று எழும்பி, நின்று, மெல்ல அடங்கியது. அப்படி ஒரு சத்தத்தை அவள் பட்டறையில் கேட்டதே கிடையாது.

“விரிசல்,” என்றாள்.

நல்லாருக்குது என்று சொல்லியிருந்தால் அந்த ஏழோடு எட்டாவதாக அது போய் உட்கார்ந்திருக்கும். செத்தவர்கள் வரிசையில். தன் வாயால் தன் பிள்ளையை எந்தத் தாய் அங்கே கொண்டுபோய் வைப்பாள்? பின்பக்கம் போய்க் குவியலில் வீசினாள். உடைந்த சத்தம் முன்பக்கம் வரைக்கும் கேட்டது.

கொளஞ்சியப்பனுக்குக் காது இல்லையா என்ன? அவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். “சின்னது. ஓரம் மெலிசு. வெடிக்கத்தான் செய்யும்,” என்று சொல்லிவிட்டு மறுபடி அச்சில் ஊற்றினார். அடுத்த சூளையிலும் விரிசல். அதற்கடுத்ததிலும் விரிசல். பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் சொல்கிற பொய்யை எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஆராயிதான் கேட்டாள். சாயங்காலம் வேலை முடிந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“ஏ பூவாயி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?”

“கோச்சுக்கிற மாதிரி இருந்தா கேக்காத.”

“ஒரு வருசமா ஒம் பொண்ணு பேர தெருவுல ஒருத்தரும் வாயில எடுக்கறதில்ல. நீ இருக்கன்னு பயந்துக்கிட்டு. எனக்கு அந்தப் புள்ள மேல ஆச இல்லியா? வண்டியில என் பக்கத்துலதான் குந்தியிருந்துச்சு. பாடிக்கிட்டே வந்துச்சு. அத ஒங்கிட்ட சொல்லக்கூட எனக்கு வாய் வரல. இப்ப பேரு எழுதுன கிண்ணத்தையும் ஒடச்சி ஒடச்சிப் போட்டுட்டா, அந்தப் பேரு எங்கதான் இருக்கும், சொல்லு.”

பூவாயி குழாயை மூடினாள். “என்ன பாட்டு?” என்று கேட்டாள்.

ஆராயிக்கு ஞாபகம் இல்லை. அந்த ஞாபகமின்மைதான் பூவாயியை அறுத்தது. இன்னும் ஒரு வருசம் போனால் பாடினாள் என்பதும் மறந்துபோகும். அதற்கடுத்த வருசம் அப்படி ஒருத்தி வண்டியில் இருந்தாளா என்று கேட்பார்கள். கஞ்சி குடிக்காமல் படுத்தாள். காலையில் எழுந்தபோது, அடுத்த கிண்ணத்தை வீசுவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த சூளை பிரித்தார்கள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். தட்டினாள்.

மொத்தை.

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. திருப்பிப் பிடித்து இன்னொரு பக்கம் தட்டினாள். ஓட்டுச்சில்லைத் தட்டினதுபோல் செத்த சத்தம்.

“விரிசல்,” என்றாள்.

“சரிம்மா,” என்று கொளஞ்சியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெருமூச்சு விடுவது முதுகில் தெரிந்தது. “போதும் விடு. ஏழே இருக்கட்டும். டீச்சருகிட்ட நான் சொல்லிக்கிறன்.”

“இல்லண்ணே. நெசமாவே விரிசல்.”

“சரின்னுதான் சொல்றன்.”

புலி வருது புலி வருது என்று சொன்ன கதைதான். நல்லதையெல்லாம் விரிசல் என்று சொன்ன வாய், நிசமான விரிசலுக்கு வந்தபோது நம்புவாரில்லை. பூவாயி சுற்றிப் பார்த்தாள். ஆராயிகூடத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கோபம் வந்தால் கத்துகிறவளுக்கு அன்று கத்த வரவில்லை. ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கிண்ணம் நிறைய ஊற்றி முதலாளிக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

“பாருங்கண்ணே. நீங்களே பாருங்க.”

பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கிண்ணத்தின் வயிற்றில் வேர்வைபோலப் பொடிப்பொடியாகத் தண்ணீர் அரும்பி, ஒன்று சேர்ந்து, மேசையில் வழிந்தது.

“அப்ப மத்ததெல்லாம்...” என்று ஆரம்பித்துவிட்டுக் கொளஞ்சியப்பன் நிறுத்திக்கொண்டார்.

“மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள் பூவாயி. “நாந்தான் ஒடச்சன். இன்னொண்ணு போடுங்கண்ணே. பேரு எழுதி.”

சொன்ன பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது.

அவசரமாகக் காயவைத்தால் வெடித்துவிடும் என்பதால் கொளஞ்சியப்பன் ஈரத்துணி போர்த்தி நிழலில் வைத்தே காயவைத்தார். இந்தத் தடவை பேரை அவர் எழுதவில்லை. தூரிகையைப் பூவாயி கையில் கொடுத்தார். அவளுக்கு எழுத்து அவ்வளவு வராது. ழகரத்தின் சுழி கோணிக்கொண்டு போயிற்று. இருக்கட்டும் என்று அப்படியே சுட்டார்கள்.

வருசத்துக்கு முந்தின நாள் சூளை பிரித்தார்கள். டீச்சர் மற்ற ஏழையும் துணிவிரித்த பலகையில் வரிசையாக வைத்துவிட்டுக் கடைசியில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். கிண்ணத்தில் இன்னும் சூடு இருந்தது. பூவாயி முந்தானையால் பிடித்துக்கொண்டாள். யாரும் வேலை செய்யவில்லை.

தட்டினாள்.

சத்தம் எழும்பியது. மெலிசாக, நேராக, தமிழினி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “ம்மா” என்று கூப்பிடுகிற உசரத்தில். அது அடங்குகிற வரைக்கும் அவள் அசையவில்லை. பட்டறை முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நல்லாருக்குது,” என்றாள்.

முதலாளி கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தானே போய், பலகையில் விட்டிருந்த இடத்தில், ஏழுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். வைத்த கை வெறுங்கையாகத் திரும்பியபோது அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒரு வருசத்து அழுகையையும் சேர்த்து அழுதாள்.

“எம் பொண்ணு போயிட்டாண்ணே,” என்றாள். “எம் பொண்ணு போயிட்டா.”