ஒரு கன்றுக்கு மட்டும் காயடித்த வருஷம்

என் அண்ணனும் நானும் பேசாமல் போனது சொத்துச் சண்டையால் என்று ஊரில் பலர் நினைத்தார்கள். சொத்துக்கு நான் வாய் திறந்ததே இல்லை. இரண்டு காளைக் கன்றுகளால் வந்தது அது.

யுத்த காலம். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மெட்ராஸில் மாட்டு வைத்தியம் படித்தேன். அப்பா போனபின் கோம்பைத் தோட்டத்தை அண்ணன்தான் கட்டிக் காத்தார். அத்தனை பயிருக்கும் ஒரே கமலைக் கிணறு. காளை இரண்டும் சரிவில் இறங்கி இழுத்தால்தான் சால் மேலே வரும், தண்ணீர் வாய்க்காலில் விழும். கமலை மாடு இரண்டுக்கும் வயசாகிவிட்டது. அடுத்த ஜோடிக்கென்று ஒரே காளைக்குப் பிறந்த இரண்டு கன்றுகளை, ஒரே உயரம் ஒரே நடை பார்த்து, அண்ணன் பொத்திப் பொத்தி வளர்த்தார்.

அந்தக் கன்றுச் சண்டைக்கு முன்பே என்மேல் அவருக்கு வெறுப்பு. மாட்டின் மூளைக்கு அடியில், எலும்புக் குழியில், மொச்சைப் பயறு போல ஒரு சுரப்பி இருக்கும். அதன் சாற்றை ஊசியில் ஏற்றினால் எலி மற்ற எலிகளைவிடப் பெரிதாக வளரும். புரத வகைச் சாறு என்பதால் சூடு பட்டால் கெட்டுவிடும். அறுத்த இடத்திலேயே மண்டையை உடைத்து, சுரப்பியை ஐஸில் போட்டுக் கொண்டுவர வேண்டும். எங்கள் பேராசிரியருக்கு அந்த வேலையைச் செய்தவன் நான். எவனோ ஊர்க்காரன் கசாப்புக் கொட்டடி வாசலில் என்னைப் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டான்.

"மாட்டு மண்டைய ஒடைக்கத்தான் மெட்ராசுக்கு அனுப்பி வச்சனாடா?" என்றார் அண்ணன். மதினி எனக்கு மட்டும் தனித் தட்டு எடுத்து வைத்தாள். ஆத்தா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள்.

விளங்க வைத்துவிடலாம் என்றுதான் நான் நம்பினேன். தசையை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைச் சொன்னேன். நாளெல்லாம் சளைக்காமல் உழைக்கிற நார் சிவப்பாக இருக்கும், வெடுக்கென்று பாய்ந்து சீக்கிரம் களைக்கிற நார் வெளுத்திருக்கும் என்றேன்.

"செவப்போ வெளுப்போ, மாட்டைச் சந்தையில பிடிக்கிறப்ப தோலை உரிச்சா பாக்க முடியும்? போடா."

அந்தக் கோடை லீவில் கன்றுகளுக்குக் காயடிக்க அனுமந்தன்பட்டியிலிருந்து ஆள் வந்தார். மூங்கில் கிட்டியை விதைமேல் வைத்து நசுக்குகிறவர். எங்கள் பக்கத்தில் இளங்கன்றாக இருக்கும்போதே அடித்துவிடுவார்கள். முதல் கன்றைக் கீழே தள்ளி, அடித்து, எழுப்பி விட்டார். இரண்டாவதை இழுக்கப் போனபோது நான் குறுக்கே நின்றேன்.

"இது கிடக்கட்டும்ணே. திமில் முழுசா ஏறுன பெறகு அடிப்போம்."

"ஏன்?"

"விதையில இருந்து ரத்தத்துல ஒண்ணு கலக்குது. அதுதான் கழுத்துச் சதையையும் திமிலையும் ஏத்துது. இழுவைக்கு நல்லது."

"நல்லதுன்னா ரெண்டையும் விட்ருக்கணும். ஒண்ணை அடிக்கிற வரைக்கும் ஏன் வாயை மூடிக்கிட்டு நின்ன?"

"ரெண்டையும் விட்டா எதோட ஒப்பிட்டுப் பாக்குறது?"

கிட்டிக்காரர் சிரித்தார். "தம்பிக்குப் பாதி வேலைதான் சொல்லிக் குடுத்திருக்காக போல."

"அவன் படிப்புக்குன்னு கேக்குறான். விடேன்" என்றாள் ஆத்தா. அண்ணன் கயிற்றை என் காலில் படும்படி வீசிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அதன்பின் ஒவ்வொரு லீவுக்கும் வந்து அளந்தேன். காயடிக்காத கன்றுக்குத் திமில் கும்மென்று எழும்பியது. கழுத்து தூண் மாதிரி ஆனது. அடித்தது மெலிந்த கழுத்தோடு கால் நீண்டு உயர்ந்துகொண்டே போனது. இரண்டுமே எனக்குச் சந்தோஷம்தான். மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி எலும்பை வளர்த்துக்கொண்டே இருக்கும். விதையின் சுரப்பு வந்துதான் போதும் என்று நிறுத்தும். புத்தகத்தில் இருந்தது எங்கள் தொழுவத்தில் நின்றது. வீட்டிலோ ஏச்சு. காளை வேலியைப் பிய்த்தது, பக்கத்துத் தோட்டத்துப் பசுக்களைத் துரத்தியது. ஊரார் வசவெல்லாம் அண்ணனுக்கு வந்தது. அவர் அதை எனக்குத் திருப்பினார். கடைசியில் அதற்கும் காயடித்து, ஆறவிட்டு, ஒருநாள் இரண்டையும் கமலையில் பூட்டினார்.

நுகம் சாய்ந்தது. முதலில் காயடித்த நெட்டையின் கழுத்திலிருந்து வழுக்கி முழுப் பாரமும் குட்டையின் திமிலில் போய் உட்கார்ந்தது. சரிவில் இறங்க இறங்க வடம் ஒரு பக்கமாக இழுத்தது. சால் கிணற்றுச் சுவரில் மோதி, மேலே வருவதற்குள் பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது. மறுபடி இழுத்தார். மறுபடியும் அதேதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வரப்பில் வந்து நின்றார்கள்.

"என்னப்பா, ஒட்டகத்தையும் எருமையையும் சோடி சேத்திருக்க?"

"தம்பி மெட்ராசுல இருந்து கொண்டாந்த சோடியாம்ல!"

அண்ணன் நுகத்தை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பழைய மாடும் ஓஞ்சு போச்சு, இந்தக் கோடைக்குத் தண்ணி எறைக்க எனக்கு மாடு இல்ல. உனக்கு வேண்டியது கெடச்சிருச்சில்ல? போ."

"கழுத்து பருக்கும்னு சொன்னேன், பருத்திருக்கு. நான் சொன்னது பொய்யில்லையே."

"பொய்யின்னு யாருடா சொன்னா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. சந்தைக்கு ஓட்டும் முன் ஒரே ஒரு தடவை அளந்துகொள்கிறேன் என்றேன். கடைசி அளவு இல்லாமல் கணக்கு முடியாது. "கயித்தைத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன்" என்றார். குட்டையை ஒற்றை மாட்டு வண்டிக்காரனிடமும் நெட்டையை வேறு ஊர்க்காரனிடமும் தள்ளிவிட்டு வந்தார். அந்தக் கோடையில் தோட்டத்துப் பயிர் கருகியது. பேராசிரியரோ, இரண்டு மாட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, இருநூறாக இருந்தால் பார்க்கலாம் என்று என் தாள்களைத் தள்ளி வைத்தார். அவருக்கு ஜோடி என்றால் என்னவென்று நான் சொல்லவில்லை.

அடுத்த லீவில் தொழுவத்தில் புதிதாக இரண்டு கன்றுகள் நின்றன. எனக்கு இன்னும் பத்து நாள் லீவு இருந்தது. விடியுமுன் அண்ணன் என் தகரப் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்.

"இன்னைக்கு நீ இங்கன இருக்கக் கூடாது."

பெட்டியை ரோடு வரைக்கும் அவரே சுமந்து வந்தார். பாசத்தில் அல்ல, நான் பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போக. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ், அடுப்பு பிடிக்க நேரமாயிற்று. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அப்போது கிட்டிக்காரர் கக்கத்தில் மூங்கிலை இடுக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தார். என்னையும் பெட்டியையும் பார்த்தார்.

"இன்னைக்கு ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை.

"ரெண்டும்" என்றார் அண்ணன், என்னைப் பார்த்து.

பெட்டியைப் பஸ்ஸின் மேல் நானே ஏற்றினேன்.