வாசலில் விட்ட சிலிப்பர்

போன வருடம் மழைக்காலம். சுங்காய் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைக்கு மாறிப்போன ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டுக் காயவைத்த கட்டடம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் அதை வாடகைக்கு எடுத்து, பிளாஸ்டிக் குப்பையில் ஸ்டூலும் மேசையும் செய்கிறோம். போத்தல் மூடி, ஷாம்பு டப்பா எல்லாவற்றையும் அரைத்து, அடுப்பில் உருக்கி அழுத்தினால் பலகை மாதிரி வரும். ஈப்போ காப்பிக் கடைக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

சாவி கொடுத்த அக்கா முன்பு அங்கேயே வேலை பார்த்தவர். ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உள்ள போறவங்க சிலிப்பர வாசல்ல விட்டுட்டுப் போங்க. சாத்துறவங்க, சிலிப்பர் இருக்கான்னு பாத்துட்டுச் சாத்துங்க லா. உள்ள கத்துனா வெளிய கேக்காது." யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று கேட்டேன். அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். என் வீட்டுக்காரருக்குக் கண்டதெல்லாம் பிளாஸ்டிக். கல்யாண வீட்டில்கூட மேசைக்கடியில் குனிந்து மூடி பொறுக்கி என் மானத்தை வாங்கியவர்.

அன்று மத்தியானம் அடுப்பில் ஒரு தட்டு உருகிக்கொண்டிருந்தது. விரலில் மாட்டும் என் பிளாஸ்டிக் ஜப்பான் சிலிப்பரில் ஒன்றுக்கு வார் அறுந்து, சிவப்பு ஒயரால் கட்டியிருந்தேன். ஜோடியை வாசலில் விட்டுவிட்டு, பின்பக்கம் சாய்த்து வைத்திருந்த பலகைகளைப் பார்க்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. திடீரென்று கதவு மூடியது, வெளியே இரும்புத் தாழ்ப்பாள் விழுந்தது.

ஒரே இருட்டு. கத்தினேன், கதவைத் தட்டினேன். மழையும், வெளியே கொட்டகையில் இவர் ஓட்டிக்கொண்டிருந்த அரைக்கிற மெஷினும் போட்ட சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கைப்பேசி காரில் கிடந்தது. அடுப்பின் சுவிட்சோ வெளிச்சுவரில். கதவு திறந்திருந்தால்தான் அடுப்புப் புகை போகும். கொஞ்ச நேரத்தில் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. பிளாஸ்டிக் வாடைக்கு நடுவே பழைய ரப்பர் புகை வாடையும் வந்தது. அந்தக் கட்டடத்தில் ரப்பருக்குப் புகை போட்டுப் பல வருடமாகிறது.

வேறு வழி தேடிச் சுவரைத் தடவி உள்ளே போனேன். அப்போதுதான் அந்தச் சத்தம். டிக்... டிக்... யாரோ சொடக்கு எடுப்பதுபோல. பலகை ஆறும்போது அப்படிச் சத்தம் வரும், எனக்குத் தெரியும். ஆனால் சத்தம் வந்த மூலையில் இருந்தவை போன வாரமே ஆறியவை. சத்தம் பலகை பலகையாக என்னை நோக்கி வந்தது. பின்வாங்கி நகர்ந்து கதவடியில் போய் விழுந்தேன். அங்கே தரையோடு ஒரு சின்ன இடுக்கு. அதில் மூக்கை வைத்து ஈரக்காற்றை இழுத்தேன். சத்தம் என் காலடிக்கு வந்து நின்றது. வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. பிள்ளைகளை நினைத்து அழுதேன்.

மெஷின் நின்றது. அப்புறம் கதவு திறந்தது.

மெஷின் பல்லில் ஏதோ சிக்கியதாம். இவர் இழுத்துப் பார்த்தால் சிவப்பு ஒயர் கட்டிய சிலிப்பர். மழைக்கு முன்னால், வாசலில் கிடந்த பழசு என்று அதைச் சாக்கில் அள்ளிப் போட்டதே இவர்தான். அப்புறம் சாரல் அடிக்கிறதே என்று, அடுப்பு ஓடுவதையும் மறந்து, வாசலில் சிலிப்பர் இல்லை என்பதையும் ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்! நான் நடந்தே சோறு வாங்கப் போயிருப்பதாக நினைப்பு. "நானே உன்னக் கொன்னுருப்பேனே" என்று மழையில் உட்கார்ந்து அழுதார். திட்ட வாயைத் திறந்தவள், அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

எழுந்தபோதுதான் படியைப் பார்த்தோம். என் இன்னொரு சிலிப்பர் அங்கே இருந்தது, கதவைப் பார்த்தபடி.

"ரெண்டையும்தான் சாக்குல போட்டேன், பிள்ளைங்க மேல சத்தியமா" என்றார். சாக்கிலிருந்து விழுந்திருக்கும் என்றேன். விழுந்திருந்தால் சாத்தும்போதே கண்ணில் பட்டிருக்குமே என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுப்பிலிருந்த பலகை கருகிவிட்டது. விற்க முடியாத அதில் வாசலுக்கு ஒரு செருப்பு ஸ்டாண்டு செய்தோம். மூன்று அடுக்கு. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவது ஏன் காலியாகவே இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்பார்கள், நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அன்று என்னைக் கதவடிக்குத் துரத்திக் காப்பாற்றியது எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்றும் கதவைச் சாத்தும் முன், அந்தக் காலி அடுக்கையும் பார்த்துவிட்டுத்தான் சாத்துகிறேன்.