ஜில்லு தேடிய பாதி

ஜில்லு என்ற பெயரை முதன்முதலில் அண்ணி வாயில்தான் கேட்டேன். பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தையை என் மடியில் போட்டு, "இவ கையப் பாருங்க, எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு" என்றாள். பள்ளியில் வேறு பெயர் எழுதினார்கள். வீட்டில் இதுதான் நிலைத்தது.

படித்து முடித்து, கடுங்குளிரில் கரண்டு எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே பட்டறையில் இருந்த பையனையே கட்டிக்கொண்டாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவளிடம் கேட்டேன்.

"அப்படி என்னதாண்டி தேடுறீங்க?"

"ஒரு கல்லு அத்தை. உள்ள கரண்டு ஓடாது, மேல்தோல்ல மட்டும் ஓடும். அதுமேல ஒரு உலோகப் பூச்சு. நல்லா குளிர வெச்சா உலோகத்துல எலக்ட்ரான்லாம் ஜோடி சேர்ந்து தடையில்லாம ஓடும். ரெண்டும் ஒட்டுற இடத்துல அந்த ஜோடிப் பழக்கம் கல்லுக்கும் தொத்திக்கும்."

"சம்பந்தி வீட்டுப் பழக்கம் தொத்துற மாதிரின்னு சொல்லு" என்றான் அண்ணன்.

"அதேதாம்ப்பா. அங்க ஓரத்துல எலக்ட்ரான் பாதிப் பாதியா நிக்கும்னு கணக்கு சொல்லுது. இருந்தா அளக்குற திரையில நடுவுல ஒரு கோடு எழும்பணும். இன்னும் கண்ணுல படல."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளை சிரிக்காமல் வேறொன்றைச் சொன்னார். கல்லைக் குளிர வைப்பது தண்ணீர் போல் இருக்கும் ஹீலியமாம். அது ஆவியாகிக் கசிந்தால் அறைக்காற்றையே வெளியே தள்ளிவிடும். மூச்சுக்காற்று குறைந்தால் அலறுவதற்குச் சுவரில் ஒரு பெட்டி உண்டு. அந்தப் பெட்டியின் மின் இரைச்சல் துளிக் கரண்டை அளக்கவிடாமல் குழப்புகிறது என்று இவள் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறாளாம்.

"கொஞ்ச நேரந்தானே. சும்மா பயமுறுத்தாத" என்றாள் ஜில்லு.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் அண்ணன் வீட்டில் இருந்தோம். ஃபோன் வந்தது.

"அப்பா! திரையில கோடு நட்டநடுவுல எழும்பி நிக்குது! பாதி கெடச்சிடுச்சுன்னு நெனைக்கிறேன்!"

குரல் கீச்கீச்சென்று இருந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

"என்னடி, கோழிக்குஞ்ச முழுங்கிட்டியா?" என்றேன். அவளும் சிரித்தாள்.

லீவில் இருந்த மாப்பிள்ளை உள்ளேயிருந்து ஓடிவந்து ஃபோனைப் பிடுங்கினார்.

"ஹீலியம் கசியுது! அதான் குரல் மாறிடுச்சு! போட்டது போட்டபடி வெளிய ஓடு!"

"இப்ப விட்டா சூடாயி எல்லாம் போயிடும். இன்னும் ஒரே தடவ அளந்துட்டு..."

ஏதோ விழுந்து உருண்டது. அப்புறம் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

மாப்பிள்ளை ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் அடித்துச் சொல்லி, அவர்கள் அவளை வெளியே இழுத்து வருவதற்குள் மூளை காற்றில்லாமல் கெட்டுவிட்டது. அந்தக் கோடு நிஜந்தானா என்பது யாருக்கும் தெரியாது. மறுபடி அது வரவேயில்லையாம்.

ஜில்லு இப்போது அண்ணன் வீட்டு முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். மூச்சு விடுகிறாள். நாங்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது.