சேகரித்தவர் பெயர்

எங்கள் சுகாதார அலுவலகத்தில் யாராவது மேலே படிக்கப் போகிறேன் என்றால், உடம்புக்கு என்ன என்பது போலப் பார்ப்பார்கள். முப்பத்தொன்பது வயதில், பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு ஒருத்தி சொன்னால் கேட்கவே வேண்டாம். சொட்டக்கா சொன்னாள்.

சொட்டக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்து, மருந்து இரண்டு சொட்டு விட்டு, மஞ்சளாகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். ஆகாவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டுப் பதின்மூன்று வருடமாகச் சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அதே அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்வாள்.

படிப்பு விடுப்பை நாற்பது வயது நிறைவதற்குள் கேட்க வேண்டும் என்பது விதி. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது நிறைகிறது. இந்த வருடச் சேர்க்கைக்கு இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்; அதற்குள் விண்ணப்பம் போகாவிட்டால் பிறகு எப்போதும் கிடையாது. பொதுச் சுகாதார முதுகலையில் மூன்று படிப்புகளைக் குறித்து வைத்திருந்தாள்: உள்ளூரிலேயே வார இறுதியில் நடக்கும் சுகாதார நிர்வாகம், வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கும் சுகாதாரக் கல்வி, நோய் எங்கிருந்து, எப்படிப் பரவுகிறது என்று கணக்கெடுக்கச் சொல்லித்தரும், வேறு ஊரில் இரண்டு வருடம் தங்கிப் படிக்க வேண்டிய நோய்ப் பரவலியல்.

எங்கள் மருத்துவ அலுவலருக்குச் சந்தேகமே இல்லை. “நிர்வாகம் எடும்மா. சிபாரிசுக் கடிதம் இப்பவே போட்டுத் தரேன். முடிச்சிட்டு வந்து என் ஃபைலையெல்லாம் நீயே பாத்துக்கலாம்.” லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரரோ, “ஆன்லைன்னா வீட்லயே இருப்பியே. நீ இல்லாம நானும் பொண்ணும் ரெண்டு வருஷம் என்ன பண்றது?” என்றாராம். ஒருவருக்கு ஃபைல் பார்க்க ஆள் வேண்டும், இன்னொருவருக்கு வீட்டில் ஆள் வேண்டும். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒரு நாதி இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு எது வேணும்க்கா?” என்று நான்தான் கேட்டேன்.

மூன்று விவரக் கையேடுகளையும் என் மேஜையில் பரப்பினாள். “மூணுலயும் ஒண்ணே ஒண்ணுதான் தேடறேன். அந்தப் பதினோரு நாளைக் குறைக்க எது சொல்லித்தரும்?”

எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு தெருவில் வயிற்றுப்போக்கு பரவியது. தெரு வளைவுக்கு அப்பால் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருந்தது. அந்தக் குழாயை மூடுவதற்குப் பதினோரு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று போய்விட்டது. தான் தாமதமாகக் கண்டுபிடித்ததால்தான் என்று அன்றிலிருந்து இவள் தன்னையே தின்றுகொண்டிருக்கிறாள்.

அவள் மனது நோய்ப் பரவலியலில்தான் இருந்தது. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். களப்பணிக்குச் சான்றாக, விண்ணப்பதாரர் பெயர் உள்ள ஐந்து ஆவணங்கள் வேண்டும். பதின்மூன்று வருட வேலையில் ஐந்து காகிதம்தானே என்று நினைத்தேன். அங்கேதான் எங்கள் பிழைப்பு சந்தி சிரித்தது.

சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும்போது நிரப்புகிற படிவத்தில் ‘சேகரித்தவர் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் ஊழியர்கள் யாரும் அதை நிரப்ப மாட்டார்கள். தண்ணீர் சரியில்லை என்று அறிக்கை போனால், கட்டடக்காரர்கள் பெயரைப் பார்த்துத் தேடி வந்து சண்டை பிடிப்பார்கள். அதனால் கட்டத்தில் ஒரு கோடு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. படிவத்தின் கீழே மருத்துவ அலுவலர் கையெழுத்து மட்டும் ஜம்மென்று இருக்கும்.

மூன்று நாள் கட்டுக்கட்டாகப் புரட்டினோம். அவள் கையால் எழுதிய ஆயிரக்கணக்கான படிவங்கள், எல்லாவற்றிலும் கோடு. அலுவலரிடம் போய், இவையெல்லாம் இவள் எடுத்தவை என்று சான்று கேட்டோம்.

“பேரே இல்லாததுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? நிர்வாகம்னா இந்த வம்பே இல்ல.”

பதின்மூன்று வருடம் பேரில்லாத படிவத்தில்தானே கையெழுத்துப் போட்டார்! நாக்கு நுனி வரை வந்ததை, அக்கா என் கையைக் கிள்ளியதால் அடக்கிக்கொண்டேன். அறைக்கு வந்து அலமாரிக் கதவை அறைந்து சாத்தினேன். சாத்திய வேகத்தில் மேல்தட்டிலிருந்து ஒரு கோப்பு சரிந்து விழுந்தது. புகார்க் கோப்பு.

எடுத்து வைக்கக் குனிந்தபோது அக்காவின் பெயர் என் கண்ணில் பட்டது. முழுப் பெயர், இனிஷியலோடு, ஊழியர் எண்ணோடு. புகார் கொடுக்கிறவன் அடையாள அட்டையைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதுவான். ‘மேற்படி பெண் ஒரே வாரத்தில் மூன்று முறை வந்து எங்கள் தொட்டியைத் திறந்து பார்த்தார்.’ ‘மேற்படி பெண் எங்கள் உணவகத்துத் தண்ணீரை வாடிக்கையாளர் முன்னிலையில் கீழே கொட்டினார்.’ ஒவ்வொன்றின் பின்னாலும் அவள் எழுதிக்கொடுத்த விளக்கம் இருந்தது. எங்கே எடுத்தாள், எத்தனை மணிக்கு, ஏன் மஞ்சளாகவில்லை என்று எல்லாம். கீழே அவள் பெயர், அலுவலர் கையெழுத்து.

“அக்கா, ஒன்பது இருக்கு! திட்டினவங்கதான் உங்களுக்குச் சர்டிபிகேட் குடுத்திருக்காங்க” என்று கத்தினேன். நான்கு நாளில் முதல் முறையாக இருவரும் சிரித்தோம்.

அடியில் இருந்ததைப் படித்ததும் அவள் சிரிப்பு நின்றது. வயிற்றுப்போக்கு பரவிய அந்தத் தெருக்காரர் ஒருவர் கொடுத்த புகார். மேற்படி பெண் வீடு வீடாகக் கதவைத் தட்டி யாருக்குப் பேதி என்று கேட்டு மானத்தை வாங்குகிறாராம். அவள் விளக்கம்: ‘ஏழு வீடுகளில் ஒன்பது பேர். எல்லாம் வளைவுக்கு அப்பால். அங்கே குளோரின் இல்லை. குழாயை உடனே மூட வேண்டும்.’ தேதி, நோய் தொடங்கிய நான்காம் நாள். ஓரத்தில் அலுவலரின் சிவப்பு மை: ‘பணியாளர் எச்சரிக்கப்பட்டார். இனி அத்தெருவுக்குச் செல்லக் கூடாது.’

“நாலாம் நாளே எழுதியிருக்கீங்களே! ஞாபகம் இல்லையா?”

“திட்டு வாங்கினதுதான் ஞாபகம் இருக்கு” என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். நான் அலுவலரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“அப்ப நிர்வாகமே படிங்கக்கா. அந்த நாற்காலியில நீங்க போய் உக்காருங்க” என்றேன் ஆத்திரத்தில்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். “இல்லடி. ஒன்பது பேருன்னு நான் சொன்னேன், அதனால என்னன்னு அவர் கேட்டார். எந்தத் தெருவுலயும் எப்பவும் வர்ற ஒன்பதா, வரக்கூடாத ஒன்பதான்னு கணக்குப் போட்டு நிரூபிக்க எனக்குத் தெரியல. அதத்தான் படிக்கணும். வீட்ல நான் பேசிக்கறேன்.”

‘உண்மை நகல்’ முத்திரை என் பொறுப்பில் இருக்கிறது. ஒன்பதில் ஐந்து புகார்களை நகலெடுத்து, மேஜை அதிரக் குத்தினேன். சிவப்பு மை பட்டதை அக்கா மேலே வைத்து இணைப்பு ஒன்று என்று எண்ணிட்டாள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணத்தை இருநூறு சொற்களில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் ஒரே வரிதான் எழுதினாள்: இணைப்பு ஒன்றைப் பார்க்கவும்.