எதிர்வீட்டுக் கட்டில்

ராஜலக்ஷ்மி ஹவுரா ஸ்டேஷனில் மதராஸ் மெயில் ஏறியது 1910-ஆம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை. அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. பெண்கள் பெட்டியின் ஜன்னல் கம்பியை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு அனந்தலக்ஷ்மி நின்றாள். கல்கத்தாவின் பவானிபூரிலிருந்து தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிற எந்தத் தமிழ்ப் பெண்ணானாலும் அவள் வழியனுப்பப் போய்விடுவாள். வண்டி நகர்கிறவரை கம்பியை விடமாட்டாள். கார்டு விசில் ஊதினாலும் விடமாட்டாள். போர்ட்டர் "ஹட்டோ, மாயீ" என்று அதட்டினாலும் விடமாட்டாள்.

"சுக்குப்பொடி மேல்பையிலே இருக்கு. வெந்நீரா வாங்கிக் குடி, பச்சைத் தண்ணியைத் தொடாதே. வயித்தைப் பிடிச்சா கூட வரவாகிட்டே சொல்லு, வெக்கப்பட்டுண்டு உக்காந்திருக்காதே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து எதிர்வீட்டுக்கு இன்னும் ரெண்டு கட்டில் வந்து எறங்கித்துடி. இரும்புக் கட்டில். கம்பெனி குடுத்தது" என்றாள்.

வண்டி நகர்ந்தது. கல்கத்தாவில் ராஜலக்ஷ்மியின் காதில் கடைசியாக விழுந்த செய்தி அதுதான்.

அனந்தலக்ஷ்மிக்கு நாற்பது வயது இருக்கும். குள்ளம், ஆனால் கூட நடப்பவர்கள் ஓடவேண்டியிருக்கும். கணவர் பட்டாபிராமன் ஃபேர்வெதர் சணல் கம்பெனியில் தலைமைக் கணக்கர். சந்துக்குள் ஒரு மாடிக் குடித்தனம். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலுக்குப் பச்சை வர்ணம் அடித்த பலகைக் கதவு. நடுப்பலகையைச் சற்றுத் தூக்கினால் எதிர்வீடு முழுவதும் தெரியும். மற்றப் பலகைகளில் வர்ணம் புத்தம் புதிதாக இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் விரல் பட்டுப் பட்டு மரம் வெளியே வந்துவிட்டது.

எதிர்வீடு ஹேமாங்கினி தேவியுடையது. வக்கீல் மனைவி, பருத்த சரீரம், உரக்கச் சிரிக்கிறவள். வீட்டின் கீழ்க்கட்டை அக்கம்பக்கத்து ஏழைப் பெண்களுக்குப் பிரசவ விடுதியாக்கி நடத்துகிறாள். ஃபேர்வெதர் கம்பெனி வருஷந்தோறும் ஊர்ச் சங்கங்கள் சிலவற்றுக்கு உதவி செய்யும். ஓர் இரவுப் பள்ளிக்கூடத்துக்குப் பலகைகள், ஒரு தேகப்பயிற்சிக் கூடத்துக்கு ஓட்டுக்கூரை, காளிகாட் பாதையில் ஒரு தண்ணீர்ப் பந்தல். ஹேமாங்கினியின் விடுதிக்குக் கட்டில், பீங்கான் பூசிய பேசின்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் படித்துத் தேறிய ஒரு நர்ஸின் சம்பளம்.

பிறத்தியாரின் நகையைப் பார்த்து அனந்தலக்ஷ்மி பொறாமைப்பட்டதே இல்லை. மூன்றாவது வீட்டு ஜெயலக்ஷ்மி புது ஒட்டியாணம் போட்டுக்கொண்டு வந்தபோது, "உன் இடுப்புக்குன்னே செஞ்சாப்பல இருக்குடி" என்று திருஷ்டி கழித்து அனுப்பியவள் அவள். ஆனால் எதிர்வீட்டு வாசலில் கம்பெனி மாட்டுவண்டி நின்று வெள்ளைப் பேசின்கள் இறங்கினால், அன்று மத்தியானம் அவளுக்குச் சாதம் இறங்காது.

"அவளுக்கு இத்தனை பேசின் எதுக்கு? ஊறுகாய் போடப் போறாளா?" என்பாள். பொறாமையா என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும். "பொறாமையாவது! எனக்கு வயித்தெரிச்சல், அவ்வளவுதான்."

மாலையில் பட்டாபிராமன் கோட்டைக் கழற்றுவதற்குள் விசாரணை ஆரம்பமாகும்.

"ஏன்னா, உங்க கம்பெனிக்கு எதிர்வீடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுமா?"

"என் கம்பெனியா? நான் அங்கே கணக்கு எழுதறவன், அனந்தம்."

"எழுதற கைக்கு எங்க சங்கத்துப் பேரையும் எழுத வராதா?"

சங்கம் என்று அவள் சொல்வது பவானிபூர் தென்னிந்திய மாதர் சங்கம். அவள் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமைகளில் கூடுவார்கள். சந்தின் கோடியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்து, பிரசவத்துக்கென்று ஒதுக்கியும் வைத்திருந்தார்கள். அதில் ஒரு கயிற்றுக் கட்டிலும், மழைக்காலம் முழுவதும் ஓதம் காக்கும் ஒரு சுவரும் இருந்தன. நர்ஸ் கிடையாது. அழைத்தால் வருகிற மருத்துவச்சிக்குத் தமிழ் தெரியாது. பதினெட்டு வயதுப் பெண்களுக்கு வங்காளி தெரியாது. பயந்துபோய் எல்லோரும் ரயிலேறிவிடுவார்கள்.

ராஜலக்ஷ்மி புறப்படத் தாமதமாகிவிட்டது. கணவனுக்கு டைபாய்டு. அவன் எழுந்து உட்கார்ந்தபோது அவளுக்கு எட்டாம் மாதம் முடிகிற தறுவாய். "மாமி, எதிர்வீட்டிலேயே இருந்துடட்டுமா? அங்கே நர்ஸ் இருக்காளே" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அங்கேயா? மீன் வாசனையிலயா? நன்னாயிருக்கு! நமக்குன்னு கம்பெனி குடுக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று அனந்தலக்ஷ்மி அவளுக்குப் பட்சணம் கட்டினாள்.

வியாழக்கிழமை, பெர்ஹாம்பூர் ஸ்டேஷனில் வலி எடுத்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் மேஜையை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தார்களாம். பிறந்த ஆண் குழந்தை அழவில்லை.

செய்தி வந்தபின் அந்த ஜன்னல் பலகை பல நாள் மூடியே இருந்தது. மறுபடி தூக்கியபோது அனந்தலக்ஷ்மி கட்டிலைப் பார்க்கவில்லை, பேசினைப் பார்க்கவில்லை. வெள்ளைக் கவுன் போட்ட நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் கணவரை உட்காரவைத்து மனு எழுத வைத்தாள். எங்கள் சங்கத்துக்கும் ஒரு நர்ஸ் வேண்டும், வந்து பார்க்கவேண்டும் என்று.

மேனேஜர் துரையின் மனைவி நேரில் வருவதாகப் பதில் வந்தது.

துரைசானி வருகிறாள் என்றதும் பவானிபூர்த் தமிழ் வீடுகளில் பீரோக்கள் திறந்தன. "எதிர்வீட்டுல அவளுக்கு என்ன குடுத்திருப்பா? மண் குவளையிலே டீ. நாம யாருன்னு காட்டணும்" என்றாள் அனந்தலக்ஷ்மி. ஒரு வீட்டிலிருந்து வெள்ளிப் பன்னீர்ச்செம்பு வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து சந்தனப் பேலா. யாருக்குச் சீரில் வந்த வெள்ளித் தாம்பாளமோ, அதில் பாதாம் அல்வா. ஓதச் சுவர் கண்ணை உறுத்தியது. அதன்மேல் ஜெயலக்ஷ்மியின் அரக்குக் காஞ்சிபுரம் பட்டை நீளவாட்டில் மாட்டினார்கள். கயிற்றுக் கட்டிலின்மேல் ரத்தினக் கம்பளம் விரித்து, துரைசானி உட்கார அதையே ஆசனமாக்கினார்கள். அங்கத்தினர்கள் எல்லோரும் வைரத் தோடும் பட்டுமாக வரிசையாக நின்றார்கள்.

துரைசானி கட்டிலில் சுகமாகச் சாய்ந்துகொண்டு அல்வா தின்றாள். தோடுகளைப் பார்த்து "சார்மிங்" என்றாள். சுவரைத் தடவி அதற்கும் "சார்மிங்" என்றாள். நோயாளிகள் எங்கே என்று கேட்டாள். பட்டாபிராமன் மொழிபெயர்த்தார்.

"எல்லாரும் சௌக்யமா இருக்கான்னு சொல்லுங்கோ."

"அனந்தம், இங்கே இருக்கற கஷ்டத்தைச் சொல்லட்டுமா?"

"காலடி எடுத்து வெச்சவாகிட்டே கஷ்டத்தையா சொல்லுவா? மொதல்ல காப்பியைக் குடிக்கச் சொல்லுங்கோ."

துரைசானி காப்பியைக் குடித்துவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அனந்தலக்ஷ்மி எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து நின்ற நிலையே வேறு.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. பட்டாபிராமன் அதைத் தமிழில் சொன்னார். சங்கத்தின் செல்வச் செழிப்பைக் கண்டு துரைசானிக்குப் பரம சந்தோஷம். இவ்வளவு வசதியுள்ள சீமாட்டிகள் இனிமேல் கம்பெனியோடு சேர்ந்து ஹேமாங்கினி தேவியின் விடுதிக்கு உதவி செய்தால் கம்பெனி பெருமைப்படும்.

"இன்னொரு தரம் படியுங்கோ."

படித்தார்.

"தப்பாப் படிக்கறேள்."

"டைப் அடிச்சிருக்கு, அனந்தம்."

"நாம குடுக்கணுமா? அவளுக்கா?"

"பட்டைக் கொண்டு சுவரை மூடினா ஓதம் எப்படித் தெரியும்?"

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நான் இன்னிக்கு இந்த ஆத்துல சாப்பிட்டிருப்பேனா?"

மறுநாள் காலையில் அனந்தலக்ஷ்மி குளித்து மடிசார் கட்டிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தெருவைத் தாண்டிப் போனாள். அவள் பேசுகிற வங்காளி, மீன்காரியை விரட்டவும் பால்காரனோடு சண்டை போடவும் கற்றுக்கொண்டது. அதை வைத்துக்கொண்டே ஹேமாங்கினியிடம் நேராகக் கேட்டாள்.

"கம்பெனிக்காரி வந்தப்போ நீ என்ன கட்டிண்டிருந்தே?"

ஹேமாங்கினி சிரித்த சிரிப்பில் உள்ளே ஒரு குழந்தை விழித்து அழுதது. தீதி என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள்: "பழைய பருத்திப் புடவை, தீதி. தங்க வளையலைக் கழட்டிட்டேன், சங்கு வளையலை மட்டும் விட்டு வெச்சேன். நல்ல கட்டிலை எல்லாம் மாடிக்கு ஏத்திட்டு, கால் உடைஞ்சதை வாசல்ல போட்டேன். அவ அதுல இடிச்சுக்கிட்டா. மறு வாரமே கட்டில் வந்துது."

"இதை எனக்குச் சொல்றதுக்கென்ன?"

"நீ ஜன்னல் வழியாத்தானே பாத்துக்கிட்டிருந்தே? உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அனந்தலக்ஷ்மிக்கு முகம் சிவந்தது. இந்தச் சாமர்த்தியமும் அவளுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது. ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. "நாங்க குடுக்கறோம். ஆனா கிழக்கு ஜன்னலண்டை கட்டில் எங்களது. சாப்பாடு எங்காத்துலேருந்து வரும். மீன் வாசனை வரப்படாது."

"மீனை மூடி வெக்கலாம், தீதி. காத்தை யார் மூடறது?"

"சரி, நான் ஊதுவத்தி ஏத்திக்கறேன்."

ஹேமாங்கினி சிரிப்பை நிறுத்தினாள். "ரயிலேறின அந்தப் பொண்ணை அன்னிக்கே இங்கே அனுப்பியிருக்கலாம்" என்றாள் மெதுவாக.

அனந்தலக்ஷ்மி உள்ளே போய்க் கிழக்கு ஜன்னல் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த வருஷத்திலிருந்து சங்கத்து வீடுகளிலிருந்து பழைய வேஷ்டித் துணி துவைத்து மடித்துப் போகிறது. வெந்நீர் அண்டா போயிருக்கிறது. அனந்தலக்ஷ்மி கிளறுகிற பிரசவ லேகியம் ஜாடி ஜாடியாகப் போகிறது. கிழக்கு ஜன்னல் கட்டிலை விடுதிக்காரர்கள் மதராஸிக் கட்டில் என்றே சொல்கிறார்கள். தமிழ்ப் பெண்கள் பலர் அதில் பிள்ளை பெற்று எழுந்துவிட்டார்கள். பேச்சுக்குத் துணையாக அனந்தலக்ஷ்மி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸ் வங்காளியில் சொல்வதை அவள் தமிழில் அதட்டுகிறாள்.

வயிற்றெரிச்சல் மட்டும் தீர்ந்தபாடில்லை. லேகியம் வங்காளிப் பெண்களுக்கும் பிடித்துப்போய், அதற்கு ஊரில் "ஹேமாங்கினி வீட்டு மருந்து" என்று பேர் வந்துவிட்டது. "கையிலே கொப்புளம் எனக்கு, பேரு அவளுக்கு" என்று ஜெயலக்ஷ்மியிடம் பொருமுவாள். விடுதியில் பிறந்த முதல் தமிழ்க் குழந்தை கண் திறந்தபோது ஹேமாங்கினி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். "நம்ம கொழந்தை மொதல்ல பாக்கவேண்டியது நம்ம மூஞ்சியை. குண்டம்மா முந்திண்டுட்டா." அதற்குப் பிறகு யாருக்கு வலி கண்டாலும், அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு ஓடுகிறாள்.

துரைசானி அடுத்த முறை வந்தபோது லேகியத்தை ருசி பார்த்துவிட்டு ஹேமாங்கினியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அனந்தலக்ஷ்மி சாயம்போன நூல்புடவையில், தோடில்லாத காதோடு மூலையில் நின்றிருந்தாள். புது ஆயா என்று நினைத்துத் துரைசானி தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டாள். அதைச் சொல்லும்போது அனந்தலக்ஷ்மிக்கே சிரிப்பு வந்துவிடும்; பாதிச் சிரிப்பில், "அவளண்டை குடுத்தாளோ பாரு!" என்பாள்.

ராஜலக்ஷ்மி ரயிலேறி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன மார்கழியில் ஒரு நாள் காலை, ஹேமாங்கினி மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தாள். கையில் ஒரு தந்தி. கரக்பூரிலிருந்து வந்திருந்தது, அடித்தவர் சுந்தரேசன் என்ற ரயில்வே குமாஸ்தா. பவானிபூரில் அவரை யாருக்கும் தெரியாது. பட்டாபிராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது. ஊருக்கு அனுப்பவில்லை. மத்தியான வண்டியில் வருகிறோம். மதராஸிக் கட்டில் வேண்டும்."

அனந்தலக்ஷ்மி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "யாருக்குன்னு போட்டிருக்கு?"

"ஹேமாங்கினி தேவி, பவானிபூர்."

"சங்கத்துப் பேரு?"

"இல்லை."

"எம் பேரு?"

"தந்தியிலே வார்த்தைக்கு வார்த்தை காசு, அனந்தம்."

அவள் அவர் கையிலிருந்த காகிதத்தை எடுத்தாள். ஹேமாங்கினி அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அனந்தலக்ஷ்மி தந்தியை நான்காக மடித்து, மடிசார் இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, ஹேமாங்கினியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கினாள்.